பெட்டிக்கு அடியில் பாக்டீரியா, குழாயில் தண்ணீர் இல்லை: நெடுந்தூர ரயில் கழிப்பறைகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ராமேசுவரம் – மானாமதுரை ரயில் பாதையின் நீளம் 114 கி.மீ. 2016 ஜூலையில் அதை நாட்டின் முதல் பசுமை ரயில் வழித்தடமாக அன்றைய ரயில்வே அமைச்சர் சுரேஷ் பிரபு தொடங்கிவைத்தார். அந்தப் பாதையில் ஓடிய 10 ரயில்களின் 286 பெட்டிகளிலும், கழிவைப் பாக்டீரியாவால் சிதைக்கும் பயோ டாய்லெட் பொருத்தியாகியிருந்தது. ஓடும் வண்டியிலிருந்து மனிதக் கழிவு தண்டவாளத்தில் விழாத முதல் பாதை அதுதான். அடுத்த சில ஆண்டுகளிலேயே வேலை நாடு முழுக்கப் பரவியது. 2019–20க்குள் சுமார் 68,800 பெட்டிகளில் 2,45,000-க்கும் அதிகமான பயோ டாய்லெட்டுகள் வந்துவிட்டன.

இது சாதாரண வேலை அல்ல. ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு நிறுவனம், வண்டிகளை நிறுத்திவைக்காமல், பெட்டி பெட்டியாகக் கழற்றி மாட்டிச் செய்த வேலை. இதைப் பாராட்டாமல் மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் 2022–23 என்ற ஒரே நிதியாண்டில், ரயில் கழிப்பறையிலும் கைகழுவும் தொட்டியிலும் தண்ணீர் வரவில்லை என்று மட்டும் 1,00,280 புகார்கள் பதிவாகியுள்ளன. 2025-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி (மத்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை தரும் கணக்கு இது. அவற்றில் 33,937 புகார்கள், அதாவது மூன்றில் ஒன்று, குறித்த நேரத்துக்குள் தீர்க்கப்படவில்லை. பெட்டிக்கு அடியில் நவீனத் தொழில்நுட்பம் இருக்கிறது. பெட்டிக்குள் பயணி வாட்டர் பாட்டிலோடு கழிப்பறைக்குப் போகிறார். இரண்டும் ஒரே வண்டியில் எப்படி நடக்கின்றன என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

முன்பு இருந்த நிலை

நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குப் பழைய ரயில் கழிப்பறையை விவரிக்கத் தேவையில்லை. துளை வழியே கீழே ஓடும் ஜல்லியும் ஸ்லீப்பர் கட்டைகளும் தெரியும். வண்டி நிலையத்தில் நிற்கும்போது பயன்படுத்தாதீர்கள் என்று எழுதியிருக்கும். எழுத்தைப் பார்த்து எல்லோரும் அடக்கிக்கொள்ள முடியுமா? பெரிய ஜங்ஷன்களின் நடைமேடை ஓரத் தண்டவாளங்கள் எப்படி இருந்தன என்பதற்கு அந்த நாற்றமே சாட்சி.

அதைச் சுத்தம் செய்தவர்கள் மனிதர்கள். பெரும்பாலும் தலித் சமூகங்களைச் சேர்ந்த தொழிலாளர்கள். 2013-ல் வந்த கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் சட்டம், ரயில் தண்டவாளத்தைப் பெயர் சொல்லியே தன் வரையறைக்குள் கொண்டுவந்தது. 2014 மார்ச்சில், இந்தத் தொழிலை ஒழிக்கப் போராடும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் அமைப்பு தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தண்டவாளங்களில் இந்த வேலையை ஒழிக்கக் காலக்கெடுவுடன் கூடிய திட்டம் வேண்டும் என்று ரயில்வேக்குச் சொன்னது.

பாதுகாப்புக் காரணமும் உண்டு. விழும் கழிவு தண்டவாளத்தையும் அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகளையும் அரிக்கிறது. பெட்டியின் அடிப்பாகம் முழுக்க அசுத்தமாக இருந்தால், பரிசோதிக்க வரும் தொழிலாளி பிரேக்கையும் ஸ்பிரிங்கையும் கிட்டே போய்ப் பார்க்கத் தயங்குவார். 2012-ல் அனில் ககோட்கர் தலைமையிலான ரயில்வே பாதுகாப்புக் குழு, இந்தத் திறந்த கழிப்பறையை ஒரு பாதுகாப்புப் பிரச்சினையாகவே எடுத்துப் பேசியது. இடையில் வேறொரு வழியும் முயன்று பார்க்கப்பட்டது: வண்டி வேகமெடுத்த பிறகே கழிவைத் திறந்துவிடும் முறை. நிலையங்கள் சுத்தமாகின. கழிவோ ஊருக்கு வெளியே, யார் கண்ணிலும் படாத இடத்தில் விழுந்தது. அங்கே தினமும் நடந்து தண்டவாளத்தைப் பார்க்கும் டிராக்மேனின் கண்ணில் மட்டும் பட்டது.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது

பயோ டாய்லெட்டை ரயில்வேயும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவும் சேர்ந்து உருவாக்கின. 2011 ஜனவரியில் குவாலியர் – வாராணசி புந்தேல்கண்ட் எக்ஸ்பிரஸில் முதலில் ஓடியது. கழிப்பறைக்கு நேர் கீழே, பெட்டியின் அடியில் ஒரு துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி தொங்கும். உள்ளே தடுப்புச் சுவர்கள். காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் அங்கே இருக்கும். கழிவு ஒவ்வொரு அறையாக மெல்ல நகரும்போது அவை அதைத் தின்று, நீராகவும் மீத்தேன், கரியமில வாயுவாகவும் மாற்றிவிடும். வாயு வெளியே போய்விடும். எஞ்சிய நீர் குளோரின் இருக்கும் கடைசி அறையைத் தாண்டித் தண்டவாளத்தில் சொட்டும்.

பாக்டீரியாவுக்குச் சம்பளம் வேண்டாம், ஓய்வும் வேண்டாம். ஆனால் அவற்றுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. கழிவைக் கீழே தள்ளப் போதுமான தண்ணீர் ஊற்றப்பட வேண்டும். கழிவைத் தவிர வேறெதுவும் உள்ளே வரக்கூடாது. பிளாஸ்டிக் பாட்டில், குட்கா பாக்கெட், டயபர், நாப்கின், துணி, செய்தித்தாள் எதுவும் அங்கே செரிக்காது. பழைய துளையில் எதைப் போட்டாலும் கீழே போய்விடும். புதியதில் கோப்பைக்கு அடியில் குழாய் வளைந்து போகிறது. அந்த வளைவில் ஒரு பாட்டில் சிக்கினால் போதும், அதற்குப் பின் வரும் அத்தனையும் மேலே தேங்கும்.

பல தலைமுறையாகத் துளையில் எறிந்து பழகிய கைகளுக்கு, துளை மூடப்பட்டுவிட்டது என்பதை யார் சொன்னார்கள்? கதவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், ஸ்டிக்கரின் மொழி தெரியாத மாநிலத்தவருக்கும் அது வெறும் படம்.

குவளையும் குப்பைத்தொட்டியும்

2017-ல் சிஏஜி வெளியிட்ட தணிக்கை அறிக்கையில், 2016–17-ல் சுமார் 25,000 பயோ டாய்லெட்டுகளைப் பார்த்தபோது எழுந்த குறைகள் 1,99,689 என்று இருக்கிறது. அதில் பாதிக்கு மேல், 1,02,792, அடைப்பு. செய்திகளில் வந்தது இந்த எண்தான். தொழில்நுட்பம் தோற்றுவிட்டது என்று பலர் எழுதினார்கள்.

நான் நின்று பார்த்தது அதே பட்டியலில் கீழே இருந்த இரண்டு வரிகளை. குவளை இல்லை என்ற குறை ஏறத்தாழ 23,000. குப்பைத்தொட்டி இல்லை என்ற குறை ஏறத்தாழ 21,000. இரண்டையும் கூட்டினால் மொத்தக் குறைகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்! பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்த்து, தொட்டி வார்த்து, ஆயிரக்கணக்கான பெட்டிகளில் மாட்டிய பிறகு, கடைக்காரர் மொத்த விலைக்குத் தரும் பிளாஸ்டிக் குவளை விட்டுப்போயிருக்கிறது.

இது அற்ப விஷயம் என்று நினைப்பவர்கள் ஒரு நிமிடம் அந்தக் கழிப்பறைக்குள் நின்று யோசிக்க வேண்டும். குவளை இல்லாவிட்டால் நம் ஊர்க்காரர் என்ன செய்வார்? குடித்து முடித்த வாட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார். வேலை முடிந்ததும் அந்தப் பாட்டிலை எங்கே வைப்பார்? குப்பைத்தொட்டி இல்லை. திரும்ப பெர்த்துக்குக் கொண்டுபோக முடியாது. கோப்பைக்குள் போகும். அந்தப் பாட்டில்தான் வளைவில் போய் நிற்கும். நாப்கினுக்கும் இதே கதைதான். மாதவிடாய் நாளில் முப்பது மணி நேரம் பயணம் செய்யும் பெண்ணுக்கு, கழிப்பறைக்குள்ளேயே மூடி போட்ட தொட்டி ஒன்று இல்லையென்றால் வேறு வழி என்ன இருக்கிறது? ஆக, ஒரு லட்சம் அடைப்புகளில் கணிசமானவை அந்தக் குவளையிலும் தொட்டியிலும்தான் தொடங்கியிருக்கும் என்பது என் கணிப்பு. பயணியின் ஒழுக்கத்தைத் திட்டுவது சுலபம். அவர் கையில் என்ன கொடுத்தோம் என்று கேட்பதுதான் நிர்வாகம்.

தண்ணீர்: பத்து நிமிடத்தில் 43,000 லிட்டர்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

ஐசிஎஃப் எனப்படும் பழைய வகை ஸ்லீப்பர் பெட்டி ஒன்றில் ஏறத்தாழ 1,800 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். பெர்த் 72. ஆளுக்கு 25 லிட்டர். சென்னையிலிருந்து டெல்லிக்கு ஏறத்தாழ 2,180 கி.மீ., ஒன்றரை நாள் பயணம். அந்த 25 லிட்டரில் கழிப்பறை, பல் துலக்கல், கை கழுவல், குழந்தைக்குக் கால் கழுவல் எல்லாம் நடக்க வேண்டும். அதுவும் பெர்த் இருப்பவர்கள் மட்டும் ஏறினால். காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்களும் ஏறும்போது கணக்கு இன்னும் சுருங்கும். ஆகவே வழியில் நிரப்பியே ஆக வேண்டும்.

நிரப்புவது எப்படி? இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே நெடுக ஒரு குழாய் போகும், ஒவ்வொரு பெட்டிக்கும் நேராக ஒரு வால்வும் ஹோஸும் இருக்கும். வண்டி நின்றதும் தொழிலாளர்கள் ஓடிப்போய் ஹோஸைப் பெட்டியின் வாயில் சொருகி, வால்வைத் திறந்து, அடுத்த பெட்டிக்கு ஓட வேண்டும். நிரம்பி வழியும்போது திரும்ப ஓடி வந்து பிடுங்க வேண்டும். 24 பெட்டி வண்டி முழுக்கக் காலியாக வந்தால் 43,000 லிட்டருக்கு மேல் ஏற்ற வேண்டும். பழைய குழாய் அமைப்பில் இதற்கு ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். பெரிய ஜங்ஷனில்கூட வண்டி நிற்பது பத்து நிமிடம்.

மீதிப் பத்து நிமிடம் எங்கே? அது எந்த அட்டவணையிலும் இல்லை. வண்டி தாமதமாக வந்தால் அந்தப் பத்தும் ஐந்தாகிவிடும். ஏனென்றால் வண்டியின் காலந்தவறாமை தினமும் கணக்கிடப்படுகிறது, எந்தக் கோட்டத்தில் எத்தனை நிமிடம் தாமதம் என்று மேலே வரை போகிறது. தொட்டி பாதி நிரம்பியபடி வண்டி கிளம்பியது என்பதற்கு அப்படி ஒரு தினசரிக் கணக்கு கிடையாது. எது அளக்கப்படுகிறதோ அதற்காக அளக்கப்படாதது பலியாகிறது. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் கொடுமைக்காரர் அல்ல. அவர் முன்னால் இருக்கும் திரையில் நிமிடம் தெரிகிறது, லிட்டர் தெரியவில்லை.

இதற்குத் தீர்வு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்பதுதான் வருத்தமே. அதிக அழுத்தத்தில் நீரேற்றும் விரைவு நிரப்பு அமைப்பில் ஐந்து நிமிடத்தில் ஒரு முழு வண்டியை நிரப்பலாம் என்பது திட்டம். ஆனால் 2023 மார்ச் நிலவரப்படி, எடுத்துக்கொண்ட 109 நிலையங்களில் 81-ல்தான் அது இயங்கியது என்றும், மற்ற 28-ல் வேலை இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் வரை தாமதமாகியிருந்தது என்றும் அதே 2025 அறிக்கை சொல்கிறது. நெடுந்தூர வண்டிக்கு 81 நிலையம் போதாதா என்று கேட்கலாம். ஒரு வண்டியின் வழியில் ஒரே ஒரு நிலையம் விட்டுப்போனாலும், அதற்கும் அடுத்ததற்கும் நடுவே கழியும் இரவுதான் பயணிக்கு நினைவில் நிற்கும்.

இன்னொரு நுணுக்கமும் இங்கே உண்டு. பழைய பெட்டியில் தண்ணீர்த் தொட்டி கூரையில் இருந்தது. திறந்தால் தானாக இறங்கும். எல்எச்பி எனப்படும் புதிய வகைப் பெட்டியில் பெரிய தொட்டி அடியில் இருக்கிறது. பம்ப் வைத்து மேலே ஏற்ற வேண்டும். பம்ப் நின்றுபோனால், அடியில் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயில் காற்றுதான் வரும். அந்த நேரத்தில் பயணி கொடுக்கும் புகார் 'தண்ணீர் இல்லை' என்றுதான் இருக்கும். அடுத்த நிலையத்தில் ஹோஸோடு ஒருவர் வந்து நிற்பார். வந்திருக்க வேண்டியவர் எலக்ட்ரீஷியன்.

இதன் சுமை எல்லோர் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. வண்டி ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெண்களை நம் வீடுகளிலேயே பார்க்கிறோம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் அப்படிக் குறைத்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்று மருத்துவரிடம் கேட்கத் தேவையில்லை. 'எனக்கு ரயிலில் போனால் பழக்கம், ஒண்ணும் ஆகாது' என்று ஒரு அம்மா சொல்லும்போது, ஒரு பொதுச் சேவை தன் குறையை அவர் உடம்புக்குள் தள்ளிவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

ஓடும் வண்டியில் துடைப்பம் பிடிப்பவர்

ஓபிஎச்எஸ் எனப்படும் ஓடும் ரயில் துப்புரவுச் சேவை இன்று பெரும்பாலான நெடுந்தூர வண்டிகளில் உண்டு. பொதுவாகக் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. 2016-ல் கிளீன் மை கோச் சேவை வந்தது. பிஎன்ஆர் எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பினால் ஆள் வரும்படி அதை அமைத்தார்கள். 2018-ல் ரயில் மதத் என்ற புகார்த் தளம் வந்தது, பின்னர் பல உதவி எண்கள் 139 என்ற ஒரே எண்ணில் சேர்ந்தன. புகார் கொடுப்பது உண்மையிலேயே எளிதாகியிருக்கிறது. உரிய நேரத்தில் போட்ட புகாருக்கு அடுத்த நிலையத்தில் ஆள் வந்து நிற்பதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள்.

ஆனால் புகாரின் மறுமுனையில் இருப்பவர் யார்? ஒப்பந்ததாரரின் கீழ் வேலை செய்யும் இளைஞர். அவர் பொறுப்பில் பல பெட்டிகள், பெட்டிக்கு மூன்று நான்கு கழிப்பறைகள். அடைப்பு எடுக்க வேண்டுமென்றாலும் அவர்தான், தரை துடைக்க வேண்டுமென்றாலும் அவர்தான். போகும்போது ஒன்றரை நாள், திரும்பும்போது ஒன்றரை நாள். அவருக்கென்று படுக்க ஒரு இடம் இருக்கிறதா என்று பெட்டியின் கடைசியில், கதவோரம் போய்ப் பாருங்கள். சுத்தப்படுத்தத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் வராத பெட்டியில் அவர் என்ன செய்ய முடியும்?

ஒப்பந்தத்தில் பயணியின் மதிப்பீட்டுக்கு இடம் உண்டு. கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான். நடப்பில், படிவத்தை நீட்டுபவர் அந்த இளைஞரே. எதிரே நிற்கும் ஒருவரின் கூலியில் கை வைக்கும்படி யார் மனம் துணிந்து குறைந்த மதிப்பெண் போடுவார்? அதனால் அந்தப் படிவம் கழிப்பறையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பயணிகளின் உண்மையான கருத்து அந்தப் படிவத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கும் என்பதற்கு 2025 அறிக்கைக்காக நடந்த கருத்துக்கேட்பு ஒரு குறிப்பு தருகிறது: பயோ டாய்லெட் சுத்தமாக இருக்கிறது என்று பாதிப் பேருக்கு மேல் சொன்னது ஐந்தே மண்டலங்களில்; இரண்டு மண்டலங்களில் பத்தில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. தொழில்நுட்பம் எல்லா மண்டலத்திலும் ஒன்றுதான். வேறுபடுவது பராமரிப்பு. ஐந்து மண்டலங்களில் முடிந்தது மற்றவற்றில் ஏன் முடியாது என்று அந்த ஐந்திலிருந்து கற்றுக்கொள்வதே முதல் வேலையாக இருக்க வேண்டும்.

உணவு விஷயத்திலும் இதே கோணல் உண்டு, விரிவாகப் போகாமல் தொட்டுச் செல்கிறேன். ரயில் உணவு 2010 கொள்கையில் ஐஆர்சிடிசியிடமிருந்து மண்டல ரயில்வேக்களுக்குப் போனது. 2017 கொள்கையில் திரும்பி வந்தது. அந்த 2017-லேயே 74 நிலையங்களையும் 80 ரயில்களையும் பார்த்த தணிக்கை, கொள்கை அடிக்கடி மாறுவதையே ஒரு குறையாக எழுதியது. சமையலையும் பரிமாறுதலையும் பிரித்தது நல்ல முடிவு. ஆனால் சாப்பிட்டுக் கை கழுவப் போகும் இடத்தில் தண்ணீர் இல்லையென்றால், அந்தச் சாப்பாட்டின் சுத்தம் பாதியில் நின்றுவிடும்.

யாருடைய வேலை

ஒரு கழிப்பறையில் தண்ணீர் வருவதற்கு எத்தனை துறை சேர வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் குழப்பத்தின் வேர் தெரியும். நிலையத்துக் குழாய் சிவில் பொறியியல் துறை. ஹோஸைச் சொருகுவதும் பெட்டியைப் பராமரிப்பதும் மெக்கானிக்கல். பெட்டியின் மின்சாரம் எலெக்ட்ரிகல். வண்டி எத்தனை நிமிடம் நிற்கும் என்பது போக்குவரத்துத் துறை. துப்புரவு ஒப்பந்ததாரர். பயணி கொடுக்கும் புகார் ஒன்று. அது உடைந்து ஐந்து இடத்துக்குப் போகிறது. 2019 டிசம்பரில் எட்டுப் பணிப்பிரிவுகளை ஒரே ரயில்வே மேலாண்மைப் பணியாக இணைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததற்கும் இந்தத் துறைச் சுவர்தான் காரணம். மேலே அதிகாரிகளின் பெயர்ப்பலகை மாறுவது ஒன்று. விஜயவாடாவிலோ நாக்பூரிலோ நடைமேடையில் ஒரு ஆளிடம் முழுப் பொறுப்பும் இருப்பது வேறு.

அப்படி ஒருவரை வைத்துத் தொடங்கலாம் என்பதே என் முதல் யோசனை: தண்ணீர் பிடிக்கும் ஒவ்வொரு நிலையத்திலும், ஒவ்வொரு நெடுந்தூர வண்டிக்கும், 'எல்லாப் பெட்டியும் நிரம்பியது' என்று கையெழுத்திடும் ஒருவர். அவர் கையெழுத்திடும்வரை சிக்னல் கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. நிரம்பாமல் கிளம்பினால் அதுவும் தாமத நிமிடத்தைப் போலவே மேலே போகும் கணக்கில் ஏற வேண்டும். பெட்டியில் நீர்மட்டம் காட்டும் அளவி இருந்தால் இதில் சண்டைக்கே இடமில்லை. நாளைக்கே வாங்கக்கூடிய பொருள் அது.

பம்ப் பழுதையும் காலித் தொட்டியையும் புகாரிலேயே பிரிக்க வேண்டும். 'அளவியில் தண்ணீர் காட்டுகிறதா' என்ற ஒரே கேள்வியை 139-ல் கேட்டால் பாதி வேலை முடியும். துப்புரவுத் தொழிலாளிக்கு ஒரு பெர்த் ஒதுக்குங்கள். இரவு 10 முதல் காலை 6 வரையான எட்டு மணி நேரத்துக்கு முறைமாற்றுப் பணியாளர் ஒருவரை வையுங்கள். முப்பது மணி நேர வண்டியில் வயிறு கெடுவதற்கு நேரம் காலம் கிடையாது. ஒப்பந்தத்தைக் குறைந்த விலைக்குக் கேட்பவருக்கே கொடுக்கும் வரை, அந்தக் குறைந்த விலைக்காக ஆள் எண்ணிக்கைதான் வெட்டப்படும். ஆகவே எத்தனை பெட்டிக்கு எத்தனை பேர் என்பதை விலைப்புள்ளிக்கு அப்பாற்பட்ட நிபந்தனையாக்க வேண்டும். மதிப்பீட்டைத் தொழிலாளி வாங்கக் கூடாது. பயணம் முடிந்த பிறகு பயணியின் கைபேசிக்கு நேரே போகட்டும்.

குவளையும் மூடிபோட்ட குப்பைத்தொட்டியும், வண்டி பிட் லைனை (பெட்டிகளைப் பரிசோதித்துப் பராமரிக்கும் தடத்தை) விட்டுக் கிளம்பும் முன் பார்க்கும் பட்டியலில் பிரேக்குக்கு அடுத்த வரியில் வரலாம். குவளையைக் கட்டியிருக்கும் சங்கிலி கோப்பை வரை எட்டும் நீளத்தில் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்கட்டும்.

இவ்வளவும் முன்பதிவுப் பெட்டிகளுக்கானது. வண்டியின் இரு முனையிலும் இருக்கும் பொதுப் பெட்டிகளில், நடைபாதையிலும் கழிப்பறை வாசலிலும் ஆட்கள் உட்கார்ந்திருக்க, துப்புரவுப் பணியாளர் உள்ளே நுழையவே முடியாது. கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் வேலை செய்துவிட்டு பிகாருக்கும் அசாமுக்கும் ஒடிசாவுக்கும் திரும்பும் தொழிலாளர்கள் இரண்டு மூன்று நாள் அப்படித்தான் போகிறார்கள். பிஎன்ஆர் இல்லாத டிக்கெட்டின் எண்ணைக் கொண்டும் ரயில் மதத்தில் புகார் தரலாம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அந்தப் பெட்டிக்குள் இந்தி, வங்கம், ஒடியா, அசாமியில் அதைப் பெரிதாக எழுதிவைக்க வேண்டும். பெரிய நிலையங்களில் தண்ணீர் நிரப்பும் ஆட்கள் ஹோஸை முதலில் இழுத்துக்கொண்டு போக வேண்டிய பெட்டிகளும், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ஒரு குழு ஏறி அடைப்பு எடுத்துக் கழுவிவிட வேண்டிய பெட்டிகளும் அவைதான்.